எந்த டிராயிங் கடைசி டிராயிங்?

கட்டடக் கேள்வி – பதில்

வீடு கட்டுகிறவர்கள், மேஸ்திரிகள், சைட் இன்ஜினியர்கள் எழுதிய கடிதங்கள் இந்த முறை மேசையில் நிறையச் சேர்ந்துவிட்டன. பிரித்துப் படித்தால் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன. பிளான் போனிலும் மெயிலிலும் வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் வேலை செய்கிற ஆளின் கைக்குச் சரியான பிளான் போகவில்லை. அதனால் இந்த இதழை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். வாட்டர்புரூஃபிங் பற்றியும் எம்-சாண்ட் பற்றியும் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இதழில் கட்டாயம் எழுதுகிறேன்.

கேள்வி: சார், பெருந்துறைக்குப் பக்கத்தில் 1,400 சதுர அடியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். இன்ஜினியர், மேஸ்திரி, எலக்ட்ரீசியன், பிளம்பர், என் மச்சினன் எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறோம். வடகிழக்கில் இருந்த படிக்கட்டைத் தென்மேற்குக்கு மாற்றச் சொன்னோம், இன்ஜினியரும் மாற்றிக் குரூப்பில் போட்டுவிட்டார். ஆனால் மேஸ்திரி பழைய இடத்திலேயே அஸ்திவாரம் எடுத்து முதல் லேண்டிங் வரை கான்கிரீட்டும் போட்டுவிட்டார். இப்போது இடித்தாக வேண்டும். தப்பு யார் மேல்?
– வாசகர், பெருந்துறை

பதில்: இடிக்கிற செலவை யார் ஏற்பது என்பதை நீங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசித்தான் முடிக்க வேண்டும். ஒப்பந்தத்தைப் பார்க்காமல் நான் பஞ்சாயத்துச் சொல்வது சரியில்லை. ஆனால் கோளாறு எங்கே நடந்தது என்பதை நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டே காட்டிக்கொடுக்கிறது. 11 நாளில் 5 பிளான் வந்திருக்கிறது. ஒன்றின் பெயர் ‘பைனல்’, அடுத்தது ‘பைனல் நியூ’, அதற்கடுத்தது ‘பைனல் கரெக்‌ஷன்’, மீதி இரண்டும் கம்ப்யூட்டர் திரையைப் போனில் பிடித்த போட்டோ. எதிலும் தேதி இல்லை, எண்ணும் இல்லை. நடுநடுவே செங்கல் லோடு பில், காலை வணக்கம், உங்கள் மச்சினன் குழந்தையின் காதுகுத்துப் பத்திரிகை. காலை எட்டு மணிக்கு ஆள் வந்து நிற்கிறபோது மேஸ்திரி கட்டைவிரலால் தள்ளித் தள்ளித் தேடி, கண்ணில் பட்ட பிளானைத் திறந்து நூல் கட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஐந்தில் எது கடைசி என்று இங்கே உட்கார்ந்து நிதானமாகப் பார்த்த எனக்கே இரண்டு தடவை மெசேஜ் வந்த தேதியைத் தேட வேண்டியிருந்தது.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்ப் பாருங்கள். பையர் ஒப்புக்கொண்ட சாம்பிள் சீல் ஆகி கைக்கு வராமல் கட்டிங் மாஸ்டர் துணியில் கத்தி வைக்க மாட்டார். கழுத்து அளவு அரை இஞ்ச் மாறினாலும் புது சாம்பிள், புதுக் கையெழுத்து, பழைய சாம்பிள் மேசையை விட்டுப் போய்விடும். ஒரு டி-ஷர்ட்டுக்கு இவ்வளவு கவனம் எடுக்கிற ஊரில், வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிக் கட்டுகிற வீட்டுக்கு எடுக்காமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இனிமேலாவது இப்படிச் செய்யுங்கள். இன்ஜினியரிடம் சொல்லி ஒவ்வொரு பிளானின் வலது கீழ் மூலையிலும் டிராயிங் எண், திருத்த எண், தேதி மூன்றும் போடச் சொல்லுங்கள். முதல் தடவை ஆர் 0, மாற்றினால் ஆர் 1, அடுத்து ஆர் 2. மாறிய இடத்தைச் சுற்றி மேகம் போல ஒரு வளையம் போட்டு, என்ன மாறியது என்று ஒரு வரியும் எழுத வேண்டும். ஃபைலின் பெயரிலும் அதே எண் இருக்கட்டும். ‘பைனல்’ என்ற சொல்லே வேண்டாம், வீடு பால் காய்ச்சுகிற நாள் வரை எதுவும் பைனல் கிடையாது.

அப்புறம், டிராயிங்குக்கு மட்டும் இன்னொரு குரூப் தொடங்குங்கள். அதில் அட்மின் மட்டுமே செய்தி போடலாம் என்று செட்டிங்கில் மாற்றிவிட்டு இன்ஜினியரை அட்மின் ஆக்கிவிடுங்கள். பேச்சு, பில், பத்திரிகை எல்லாம் பழைய குரூப்பிலேயே நடக்கட்டும். டிராயிங்கைப் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக, பிடிஎஃப் ஆக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாகப் போனால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கித்தான் அனுப்பும். 4½ இஞ்ச் சுவர் என்று எழுதியிருப்பதில் அந்த ½ மங்கிவிட்டால் படிப்பவருக்கு 4 என்றோ 41 என்றோதான் தெரியும். டாக்குமென்டாக அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும்.

இதெல்லாம் செய்தாலும் ஒரு போன் கால் கட்டாயம் தேவை. “மேஸ்திரி, ஆர் 2 போட்டிருக்கேன், படிக்கட்டு இடம் மாறியிருக்கு, பாத்தீங்களா?” என்று கேட்டு, “பாத்துட்டேனுங்க” என்று அவர் வாயால் சொல்லும் வரை இன்ஜினியரின் வேலை முடியவில்லை.

கேள்வி: ஏனுங்க சார், 30 வருசமா கட்டட வேலை செய்யறேனுங்க. இப்ப வர்ற இன்ஜினியருங்க எல்லாம் போன்ல பாருங்கன்னு சொல்றாங்க. வெயில்ல போன்ல ஒண்ணும் தெரியறதில்லைங்க, கையில சிமென்ட் வேற. பேப்பர் குடுங்கன்னா பழைய காலத்து ஆளுன்னு சொல்றாங்க. நான் கேக்கறது தப்புங்களா?
– மேஸ்திரி ஒருவர், தாராபுரம்

பதில்: தப்பே இல்லைங்க மேஸ்திரி. நீங்கள் கேட்பதுதான் சரி. ஆறு அங்குலத் திரையில் முழு பிளானைப் பார்க்க முடியாது. பெரிதாக்கினால் ஒரு மூலைதான் தெரியும், அந்த மூலை எந்த அறையைச் சேர்ந்தது என்பது தெரியாமல் போகும். பில்லருக்கும் பில்லருக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பார்க்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டே இருந்தால் மனசில் அளவு நிற்காது.

சைட்டில் ஒரு செட் பேப்பர் இருக்கத்தான் வேண்டும். ஏ3 அளவில் எடுத்து லேமினேஷன் போட்டு, சிமென்ட் ஷெட்டின் உள்பக்கச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள். புது டிராயிங் வருகிற அன்றைக்கே பழையதன் மேல் சிவப்பு மார்க்கரில் குறுக்கே பெரிய கோடு போட்டு இன்ஜினியரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். “இருக்கட்டும், பின்னால் பார்க்கலாம்” என்று சைட்டில் வைத்துக்கொண்டால், நீங்கள் லீவு போட்ட நாளில் வேறு யாராவது அதை எடுத்து நூல் கட்டுவார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பேப்பர் மேல் ஸ்கேல் வைத்தோ டேப் வைத்தோ அளந்து எடுக்காதீர்கள், எழுதியிருக்கிற அளவை மட்டும் எடுங்கள். அந்தக் காலத்தில் ஏ1 தாளில் புளூபிரிண்ட் வரும், 1:100 என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மீட்டர் என்று அளந்துவிடலாம். இப்போது அதே பிளான் ஏ3 தாளில் வருகிறது. ஏ1 என்பது 594க்கு 841 மில்லிமீட்டர், ஏ3 என்பது 297க்கு 420, நீளமும் அகலமும் சரிபாதி. மேலே 1:100 என்று அச்சாகியிருந்தாலும் கையில் இருப்பது 1:200தான். ஜெராக்ஸ் கடைக்காரர் தாளுக்குள் அடங்க வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் சுருக்கியிருந்தால் அந்தக் கணக்கும் நிற்காது. எழுதாத அளவு தேவைப்பட்டால் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அவர் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். அது அவர் கடமை.

கேள்வி: சார், திருப்பூரில் ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. கோவையிலிருந்து ஆர்க்கிடெக்ட் ஆட்டோகேட் (கம்ப்யூட்டரில் பிளான் வரைகிற சாஃப்ட்வேர்) ஃபைல் அனுப்புகிறார். எங்கள் சிஸ்டத்தில் திறந்தால் பில்லர் மட்டும் இருக்கிறது, சுவரைக் காணோம். தமிழில் எழுதிய குறிப்பெல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாக வருகிறது. ஒரு தடவை ஷெட் டிராயிங் கட்டடத்தை விடப் பல மடங்கு பெரிதாக வந்து நின்றது. அவரிடம் கேட்டால் எங்களுக்குச் சரியாகத்தான் தெரிகிறது என்கிறார்.
– இன்ஜினியர், திருப்பூர்

பதில்: தம்பி, அவர் சொல்வதும் நிஜம், நீங்கள் சொல்வதும் நிஜம். மூன்றும் மூன்று தனித்தனிக் கோளாறு.

சுவர் காணாமல் போனதற்குக் காரணம் எக்ஸ்ரெஃப். பெரிய ஆபீஸில் சுவர் ஒரு ஃபைல், பில்லர் ஒரு ஃபைல், எலக்ட்ரிகல் ஒரு ஃபைல் என்று பிரித்து, ஒன்றை இன்னொன்றுக்குள் இணைத்து வைத்திருப்பார்கள். இணைப்பு என்றால் அந்த ஃபைல் இருக்கிற இடத்தின் முகவரி மட்டும்தான் உள்ளே இருக்கும். அவர் சர்வரில் அந்த முகவரி இருக்கிறது, உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. ஆட்டோகேடில் இ-டிரான்ஸ்மிட் என்று ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்தால் இணைந்த ஃபைல்கள், எழுத்துரு, பிளாட் (பிரிண்ட் எடுக்கிற) செட்டிங் எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகக் கட்டிக் கொடுக்கும். அப்படி அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒரே ஃபைலுக்குள் சேர்த்து ‘பைண்ட்’ செய்து அனுப்பலாம், ஃபைல் பெரிதாகும், ஆனால் எதுவும் தொலையாது.

தமிழ்க் குறிப்பு கெடுவது எழுத்துரு விஷயம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ் வடிவம் போர்த்தியிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் போர்வை விலகிவிடும். ‘இங்கு கம்பி விடவும்’ என்று எழுதியிருந்ததை யாரும் படிக்க முடியாமல் போய்ச் சுவர் எழும்பிவிட்ட சைட்டை நான் பார்த்திருக்கிறேன். யூனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும்.

பெரிதாக வந்தது யூனிட் கோளாறு. ஆர்க்கிடெக்ட் அடி-இஞ்ச் கணக்கில் வரைகிறார், ஷெட் போடுகிற கம்பெனி மில்லிமீட்டரில் வரைகிறது. ஒரு இஞ்ச் 25.4 மில்லிமீட்டர், அதனால் யூனிட் பார்க்காமல் ஒன்றை இன்னொன்றுக்குள் கொண்டுவந்தால் 25.4 மடங்கு வித்தியாசம் வரும்.

இது எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு கேட் ஃபைலுடனும் (ஆட்டோகேடில் வரைந்த ஃபைல்) ஒரு பிடிஎஃப் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பிடிஎஃபில் எழுத்துரு உள்ளேயே பதிந்து வரும், எந்த கம்ப்யூட்டரிலும் போனிலும் ஒரே மாதிரி தெரியும். கேட் ஃபைலைத் திறந்ததும் பக்கத்தில் பிடிஎஃபை வைத்து ஒத்துப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பிடிஎஃப் சொல்வதைப் பிடித்துக்கொண்டு ஆர்க்கிடெக்டைக் கூப்பிடுங்கள். கேட் ஃபைலில் நீங்களாக எதையும் நகர்த்தாதீர்கள். அளவு பார்க்கத் திறந்த ஃபைலில் கை தவறிச் சுவர் நகர்ந்து, அது அப்படியே சேவ் ஆகி, அதிலிருந்தே பிரிண்ட் எடுத்து வேலை நடந்துவிடும். பிறகு யாரும் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: வணக்கம் சார். கோவையில் நான்கு பேர் வேலை செய்கிற சின்ன ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் நடத்துகிறேன். ஒரே நேரத்தில் ஏழெட்டு வேலை ஓடுகிறது. ஸ்ட்ரக்சுரல், எலக்ட்ரிகல், இன்டீரியர் எல்லாம் வெளியாட்கள். கூகுள் டிரைவில் போடுகிறோம், மெயிலும் அனுப்புகிறோம், வாட்ஸ்அப்பிலும் போகிறது. பெரிய சாஃப்ட்வேர் வாங்க வசதியில்லை. ஒழுங்காக வைத்துக்கொள்ள என்ன வழி?
– ஆர்க்கிடெக்ட், கோயம்புத்தூர்

பதில்: அம்மணி, முதலில் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருடத்துக்கு முன் பல்லடம் பக்கம் ஒரு பனியன் கம்பெனி ஷெட் வேலையில் இருந்தேன். பெடஸ்டல் (இரும்புத் தூண் உட்காருகிற கான்கிரீட் பீடம்) வரை சிவில் கான்ட்ராக்டர், அதற்கு மேல் இரும்புத் தூண், கூரை எல்லாம் ஷெட் கம்பெனி. தூணின் அடித்தட்டைப் பிடிக்கிற ஆங்கர் போல்ட்டை கான்கிரீட் போடும்போதே புதைத்துவிட வேண்டும், அதற்கான டிராயிங்கை ஷெட் கம்பெனி அனுப்பும். ஆர் 1 வந்தது. போல்ட்டுக்கும் போல்ட்டுக்கும் 150 மில்லிமீட்டர். பிறகு காற்றுக் கணக்கை மறுபடி பார்த்து 200 ஆக்கி ஆர் 2 அனுப்பினார்கள். அந்த மெயில் ஓனருக்குப் போனது, ஓனரின் அக்கவுன்டன்ட்டுக்குப் போனது, எனக்கும் வந்தது. சைட்டில் இருந்த கான்ட்ராக்டரின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அவருக்குப் போயிருக்கும் என்று நான் நினைத்தேன், நான் சொல்லியிருப்பேன் என்று ஓனர் நினைத்தார். 14 பெடஸ்டலும் ஆர் 1 அளவிலேயே இறுகி நின்றன. கிரேன் வந்து முதல் தூணைத் தூக்கி இறக்கியபோது தட்டின் ஓட்டை ஒரு பக்கம், போல்ட் ஒரு பக்கம். தூணை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பெடஸ்டல் தலையை உடைத்து, டிசைனரிடம் எழுதி வாங்கி, புது போல்ட் வைத்து மறுபடி கான்கிரீட் போட மூன்று வாரம் ஆனது.

அன்றிலிருந்து எனக்கு இந்த விஷயத்தில் பிடிவாதம் வந்துவிட்டது. மெயில் எல்லோருக்கும் போய்க்கொண்டிருந்தது, ஆனால் எல்லோரும் வந்து பார்க்கிற ஒரே இடம் என்று எதுவும் அந்த வேலையில் இருக்கவில்லை.

இந்தச் சிக்கல் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. புளூபிரிண்ட்டை உருட்டிக் கட்டி ராத்திரி பஸ்ஸில் பார்சல் போட்ட காலம் போய் இன்டர்நெட் வந்ததும், 1990களின் கடைசியிலேயே அமெரிக்காவில் ஒரு வேலைக்கு ஒரு வலைத்தளம் என்று வைத்து டிராயிங்கைப் பகிர ஆரம்பித்துவிட்டார்கள். பிரிட்டனில் 2007இல் வந்த பிஎஸ் 1192 தரநிலை, ஃபைல் எந்தெந்த நிலையைத் தாண்டி வர வேண்டும் என்று வகுத்தது. அதன் வழியில் 2018இல் ஐஎஸ்ஓ 19650 வந்தது. அதன் சாரம் எளிமையானது, உங்கள் நான்கு பேர் ஆபீஸுக்கே நன்றாகப் பொருந்தும்.

ஒவ்வொரு வேலைக்கும் நான்கு ஃபோல்டர் போடுங்கள். ‘வேலையில்’, ‘பகிர்ந்தது’, ‘வெளியிட்டது’, ‘பழையது’. முதலாவதில் உங்கள் ஆட்கள் மட்டும், வெளியார் யாருக்கும் அது கண்ணில் படக்கூடாது. பாதி வரைந்ததைப் பார்த்து ஸ்ட்ரக்சுரல் ஆள் பில்லர் போட்டுவிட்டால் உங்களுக்கும் நஷ்டம், அவருக்கும் நஷ்டம். இரண்டாவது, மற்ற கன்சல்டன்ட்கள் பார்த்துத் தங்கள் வேலையை ஒத்துப் பார்ப்பதற்கு. சைட் அதைத் தொடக்கூடாது. மூன்றாவதில் இருப்பதை வைத்துத்தான் சைட்டில் வேலை நடக்கும், அதில் ஒரு டிராயிங் எண்ணுக்கு ஒரு ஃபைல் மட்டும், அதுவும் பிடிஎஃப். புதுசு வந்ததும் பழசு நான்காவதுக்குப் போய்விடும், அழிக்க வேண்டாம். ஒரு ஃபோல்டரிலிருந்து அடுத்ததற்கு ஃபைலை நகர்த்துகிற உரிமை உங்கள் ஆபீஸில் ஒரே ஒருவருக்குத்தான் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் அது நீங்களாகவே இருங்கள், சரிபார்க்காமல் எதுவும் வாசலைத் தாண்டாது.

கூகுள் டிரைவே போதும். ஆனால் சில விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சைட் ஆட்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள், திருத்த வேண்டாம். ‘லிங்க் வைத்திருக்கிற யாரும் பார்க்கலாம்’ என்று விட்டுவிட்டால் அந்த லிங்க் எந்த குரூப்புக்கெல்லாம் போகும் என்பது உங்கள் கையில் இல்லை. ஒருத்தர் வீட்டின் பெட்ரூம், லாக்கர், கேமரா இருக்கிற இடமெல்லாம் அதில் இருக்கிறது, அவர்களுக்கு நாம் பொறுப்பு. புது திருத்தத்தை வேறு ஃபைலாகப் போடாமல், பழைய ஃபைலின் ‘வெர்ஷன்’ பகுதியில் ஏற்றினால் லிங்க் மாறாது. அந்த லிங்க்கை க்யூஆர் கோடாக்கி சைட்டில் மாட்டிய பேப்பரின் மூலையில் ஒட்டிவிட்டால், கையில் இருக்கிற பேப்பர் ஆர் 1ஆ, டிரைவில் ஆர் 2 வந்துவிட்டதா என்று மேஸ்திரியின் மகன் கூடப் பார்த்துச் சொல்லிவிடுவான். ஆனால் பழைய வெர்ஷன்களை டிரைவ் 30 நாளோ 100 வெர்ஷனோ தாண்டினால் அழித்துவிடலாம், அதனால் ‘பழையது’ ஃபோல்டரில் தனியாக ஒரு பிரதி போட்டுவிடுவது உங்கள் வேலை.

கேட் ஃபைலில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. ஆபீஸ் கம்ப்யூட்டர்களை இணைக்கிற லேன் நெட்வொர்க்கில், ஒரே சர்வரில் இருக்கிற ஃபைலை ஒருவர் திறந்திருந்தால் அடுத்தவருக்குப் படிக்க மட்டும்தான் கிடைக்கும், ஆட்டோகேடே தடுத்துவிடும். அதே ஃபைல் இரண்டு கம்ப்யூட்டரில் தனித்தனியாக சிங்க் ஆகிற, அதாவது நெட் வழியாகத் தானே பிரதி எடுத்துக்கொள்கிற, ஃபோல்டரில் இருந்தால் இந்தத் தடுப்பை நம்ப முடியாது. காலையில் நீங்கள் ஆபீஸில் ஜன்னலை மாற்றுவீர்கள், நெட் போன நேரத்தில் உங்கள் டிராஃப்ட்ஸ்மேன் வீட்டிலிருந்து பாத்ரூமை மாற்றுவார், சாயங்காலம் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் நிற்கும். அதனால் வரைகிற ஃபைல் எல்லாம் ஆபீஸ் சர்வரிலேயே இருக்கட்டும், வெளியே கொடுக்கிற பிடிஎஃப் மட்டும் டிரைவுக்குப் போகட்டும். சர்வருக்குத் தினமும் ராத்திரி ஒரு பேக்கப்பும் வையுங்கள், அது வேறு கட்டடத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

கணக்கை ஆபீஸ் பெயரில் தொடங்குங்கள். யாரோ ஒரு டிராஃப்ட்ஸ்மேனின் சொந்த ஜிமெயிலில் எட்டு வேலையும் இருந்து, அவர் துபாய்க்குக் கிளம்பிவிட்டால் பிறகு ஒவ்வொன்றுக்கும் அவரிடம் கேட்டு நிற்க வேண்டிவரும். இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதையே ஜிமெயிலும் போட்டோவும் பங்கு போட்டுக்கொள்ளும். சைட் போட்டோ ஏற்ற ஆரம்பித்தால் சீக்கிரம் நிறைந்துவிடும், மாதச் சந்தா கட்டுவதற்குத் தயங்காதீர்கள். அந்தப் பணம் ஒரு பெடஸ்டலை உடைக்கிற கூலிக்கும் வராது.

கேள்வி: கரூரில் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். ஆர்க்கிடெக்ட் திருத்தம் அனுப்பியதாகச் சொல்கிறார், எனக்கு வரவே இல்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்திருக்கிறது, அதுவே சாட்சி என்கிறார். அது செல்லுமா?
– கான்ட்ராக்டர், கரூர்

பதில்: மின்னணுப் பதிவுக்கு 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமே அங்கீகாரம் கொடுத்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவும் அதைச் சாட்சியமாக ஏற்கிறது, ஆனால் அந்தப் பிரிவு கேட்கிற சான்றிதழோடு கொடுக்க வேண்டும். அதனால் வாட்ஸ்அப் என்பதற்காகவே தள்ளிவிட மாட்டார்கள். உங்கள் வழக்கில் அது எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். நீல டிக் என்பது உங்கள் போனில் அந்தச் செய்தி திறந்தது என்று காட்டும். டிராயிங்கை நீங்கள் இறக்கிப் பார்த்தீர்களா, புரிந்துகொண்டீர்களா என்பதை அது காட்டாது.

சண்டைக்குப் போகும் முன் ஒரு பழக்கத்தை இரண்டு பேரும் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். டிராயிங் அனுப்பும்போதெல்லாம் ஒரு அனுப்புச் சீட்டு மெயிலில் போக வேண்டும். எந்த எண், எந்தத் திருத்தம், எத்தனை தாள், எதற்காக, வேலைக்கா, விலை போடவா, பார்க்க மட்டுமா. ‘எதற்காக’ என்ற அந்த வரியை யாரும் எழுதுவதில்லை, பாதிச் சண்டை அங்கேதான் முளைக்கிறது. பெற்றவர் அதே நாளில் “ஆர் 3 பெற்றேன், ஆர் 2 சைட்டிலிருந்து எடுத்துவிட்டேன்” என்று பதில் போட வேண்டும். பதில் வராத டிராயிங் போய்ச் சேராத டிராயிங் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: பீஸ் முழுக்கக் கொடுத்துவிட்டேன். இன்ஜினியர் பிடிஎஃப் மட்டும் தருகிறார், கேட் ஃபைல் தர மாட்டேன் என்கிறார். எனக்கு உரிமை இல்லையா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: காசு கொடுத்தும் ஃபைல் கைக்கு வரவில்லை என்கிற உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை வரைந்ததன் உரிமை பொதுவாக வரைந்தவரிடம்தான் இருக்கும். நீங்கள் கொடுத்த பணம் அந்த வடிவமைப்பில் உங்கள் வீட்டைக் கட்டிக்கொள்வதற்கு. அவர் பயப்படுவதிலும் நியாயம் உண்டு. கேட் ஃபைல் வெளியே போனால் வேறு யாராவது பில்லரை நகர்த்திவிட்டு அவர் பெயர் போட்ட தாளிலேயே பிரிண்ட் எடுக்கலாம். ஆனால் கட்டி முடித்த நிலையைக் காட்டுகிற முழு பிடிஎஃப் செட், கையெழுத்தோடு, ஒன்றுவிடாமல் உங்களுக்குத் தர வேண்டும், அதை விட்டுக்கொடுக்காதீர்கள். பின்னால் மாடி எடுக்கும் யோசனை இருந்தால் அதை அவரிடம் சொல்லி, ஒரு தொகை பேசி, எழுத்தில் வாங்கிக்கொண்டு கேட் ஃபைலைக் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அடுத்த முறை யாரிடம் வேலை கொடுத்தாலும் இதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

கேள்வி: உடுமலையில் எங்கள் வீடு பூச்சு வேலைக்கு வந்துவிட்டது சார். வீட்டுக்காரர் வெளிநாட்டில், நான்தான் சைட்டைப் பார்த்துக்கொள்கிறேன். இப்போது நான் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்?
– வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: நல்ல நேரத்தில் கேட்டீர்கள் அம்மா. பூச்சு ஆரம்பிக்கும் முன் ஒரு நாள் பூச்சாளை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு அறையின் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்கள். சுவரில் காடி வெட்டிப் புதைத்த எலக்ட்ரிகல் பைப், பாத்ரூம் தண்ணி லைன் இரண்டும் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது, அடுத்த வாரம் தெரியாது. வெறும் சுவராக எடுத்தால் பின்னால் உபயோகப்படாது. மூலையிலிருந்து டேப்பை நீட்டி, பைப் எத்தனை அடி எத்தனை இஞ்சில் ஏறுகிறது என்று எண் தெரிகிற மாதிரி ஒருவர் பிடிக்க, ஒருவர் எடுக்க வேண்டும். தரையிலிருந்து உயரத்துக்கு இன்னொன்று. ஒரு தாளில் ‘கிழக்கு பெட்ரூம், வடக்குச் சுவர்’ என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு எடுத்தால் பிறகு குழப்பம் வராது. நாளைக்கு கர்ட்டன் கம்பி மாட்டவோ கீசர் மாட்டவோ டிரில் போடும்போது இந்தப் படம் இல்லையென்றால் தண்ணி பீறிட்டபிறகுதான் பைப் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

இந்தப் போட்டோக்களை வாட்ஸ்அப்பில் மட்டும் விட்டு வைக்காதீர்கள், போன் மாறினால் போய்விடும். டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு, அறைக்கு ஒரு உள் ஃபோல்டராகப் பிரித்து ஏற்றுங்கள். வெளிநாட்டில் இருக்கிறவரும் அதே இடத்தில் பார்த்துக்கொள்ளலாம், தினமும் தனித்தனியாக அனுப்பத் தேவையில்லை. கூடவே கடைசித் திருத்தம் வரை எல்லா டிராயிங்கும் பிடிஎஃப் ஆக, அனுமதி வாங்கிய பிளான், கம்பி டிராயிங், கான்கிரீட் போட்ட தேதிகள், கான்கிரீட்டின் பலம் பார்க்கிற கியூப் டெஸ்ட் எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட், மோட்டார், டேங்க், ஒயரிங் வாரன்டி பில் எல்லாம். பிரிண்ட் ஒரு செட் எடுத்து வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வையுங்கள். கம்பி டிராயிங்கை மட்டும் எக்காரணம் கொண்டும் தொலைத்துவிடாதீர்கள். மேலே ஒரு மாடி எடுக்கலாம் என்று பையன் பத்து வருடம் கழித்துக் கேட்டால், எந்த இன்ஜினியர் வந்தாலும் முதலில் கேட்கப்போவது அந்த ஒரு தாளைத்தான்.

பூச்சாளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், நாளைக் காலை வெளிச்சம் நன்றாக இருக்கிறபோது டேப்போடு தொடங்கலாம்.